முதல் காசு துணிக்கு

பெரியமேட்டில் உள்ள விளையாட்டுச் சாமான் கடைகளுக்கு பாக்ஸிங் கிளவுஸ் வாங்க வருகிறவர்கள் எல்லாரும் ஒரே காரியத்தைத்தான் செய்வார்கள். கிளவுஸைக் கையில் எடுத்ததும் முட்டி வரும் இடத்தைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பார்கள். மெத்தென்று இருந்தால் முகம் மலரும். கடைக்காரரும் தன் பங்குக்கு இன்னொரு தடவை அமுக்கிக் காட்டுவார், விலை படிந்துவிடும். பாக்ஸிங் சொல்லிக்கொடுக்கும் நான் பையன்களைக் கூட்டிக்கொண்டு போனால் கிளவுஸைத் திருப்பிப் பிடித்து மணிக்கட்டுப் பட்டியைத்தான் முதலில் பார்ப்பேன். பழைய கடைக்காரர்களுக்கு என் பழக்கம் தெரியும். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன் ஒருவன் மட்டும், "சார், குத்துற எடம் அந்தப் பக்கம்" என்று பொறுமையாகத் திருத்தினான்.

வடசென்னையில் பாக்ஸிங் என்றால் பரம்பரைப் பெருமை. சார்பட்டா, இடியப்பா என்று பரம்பரைப் பேர் சொல்லித்தான் எங்கள் வாத்தியார் தலைமுறை மேடை ஏறியது. 1980-ல் முகமது அலி இங்கே வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடியதை நேரில் பார்த்ததாகச் சொல்லாத பெரியவர் எங்கள் பக்கத்தில் குறைவு. அத்தனை பேரும் நிஜமாகவே போயிருந்தால் ஸ்டேடியம் தாங்கியிருக்காது. அவர்கள் சொல்லும் கதைகளில் அடி இருக்கும், ரத்தம் இருக்கும், தோள்மேல் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போனது இருக்கும். கையைப் பற்றி மட்டும் யாரும் பேச மாட்டார்கள். அந்த அலிக்கே கை வலி தீராத தொல்லை. போட்டிக்கு முன்னால் கை மரத்துப்போக ஊசி போட்டதை அவருடைய மருத்துவர் பெர்டி பச்சேகோ பிற்பாடு வெளிப்படையாகவே சொன்னார். உலக சாம்பியனுக்கு மருத்துவர் கூடவே இருந்தார். வியாசர்பாடியிலிருந்து சைக்கிள் மிதித்து வரும் பையனுக்கு யார் இருக்கிறார்கள்? பயிற்சி முடிந்து அதே கையால் அவன் தண்ணி கேன் தூக்கிப் போட வேண்டும்.

அதனால் என்னிடம் சேர வருகிறவர்களிடம் முதலில் பேசுவது கையைப் பற்றித்தான். பல வருஷமாகப் பிள்ளைகளின் கையைப் பிடித்துப் பேண்டேஜ் சுற்றிக்கொண்டிருப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். புதிதாக வருகிறவர்களின் கை கெடுவது பெரும்பாலும் முட்டியில் அல்ல, மணிக்கட்டில். குத்து நேராக இறங்காமல் கோணலாக விழும்போது மணிக்கட்டு உள்பக்கமோ வெளிப்பக்கமோ மடங்குகிறது. அவனுடைய உடம்பு எடையும், எதிரில் தொங்கும் பேக்கின் எடையும் அந்த மடிப்பில் வந்து சேர்கின்றன. முட்டியில் எத்தனை அங்குலம் பஞ்சு வைத்தாலும் இதைத் தடுக்காது. சொல்லப்போனால் பஞ்சு அதிகமாக ஆக, வலி தெரியாமல் இன்னும் ஓங்கிக் குத்துகிறான், மணிக்கட்டு இன்னும் மோசமாக மடங்குகிறது.

கையில் இருக்கும் எலும்புகள் 27. அதில் மணிக்கட்டில் மட்டும் கூழாங்கல் அளவில் 8. உள்ளங்கையில் 5 நீள எலும்புகள். மீதி எல்லாம் விரலில். வகுப்பில் படம் வரைந்து இதை விளக்குவதில்லை. அவரவர் கையிலேயே காட்டிவிடுவேன். முஷ்டி பிடிக்காமல் கையைத் தளர விடுங்கள். இன்னொரு கையால் சுண்டுவிரல் முட்டியைப் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். நன்றாக ஆடும். மோதிரவிரல் முட்டி கொஞ்சம் ஆடும். ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் அதையே செய்து பாருங்கள், அசையவே அசையாது. அந்த இரண்டு எலும்பும் மணிக்கட்டோடு இறுகிப் பதிந்தவை. குத்து அந்த இரண்டு முட்டியில்தான் இறங்க வேண்டும் என்று வாத்தியார்கள் கத்துவதற்குக் காரணம் இதுதான். ஆடுகிற எலும்பில் எடையை இறக்கினால் அது வளைந்து ஒடியும்.

சுண்டுவிரல் முட்டிக்குக் கீழே கழுத்துப் பகுதியில் விழும் முறிவுக்கு மருத்துவர்கள் பாக்ஸர் பேரையே வைத்திருக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், அது அதிகம் வருவது பாக்ஸர்களுக்கு அல்ல. தெருச் சண்டையில் குத்துகிறவனுக்கும், வீட்டில் கோபம் வந்து சுவரில் குத்துகிறவனுக்கும்தான். பயிற்சி பெற்றவர்களுக்கு வரும் தொல்லை வேறு மாதிரி. பிரிட்டன் தேசிய அணி வீரர்களை 2005 முதல் 2012 வரை தொடர்ந்து கவனித்த மருத்துவர்கள், உடம்பிலேயே அதிகம் அடிபடுவது கையும் மணிக்கட்டும்தான் என்று கண்டார்கள். அதிலும் முன்னணியில் இருந்தவை இரண்டு. ஒன்று, உள்ளங்கை எலும்புகள் மணிக்கட்டோடு சேரும் இணைப்பு தளர்ந்துபோவது. மற்றது, முட்டியின்மேல் தசைநாணைப் பிடித்து வைத்திருக்கும் சவ்வு கிழிவது. பெரும்பாலும் ஒரே குத்தில் 'படக்' என்று உடைகிற சமாச்சாரம் இல்லை இவை. வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்வது. பன்னிரண்டு வயதில் தளர ஆரம்பிப்பது இருபது வயதில்தான் தெரியும்.

முதலில் பேண்டேஜுக்கு வருகிறேன். எங்கள் பக்கம் ஹேண்ட் ராப் என்று யாரும் சொல்வதில்லை, பேண்டேஜ்தான். கிளவுஸ் முட்டிக்கு மெத்தை கொடுக்கும். எலும்புகளைச் சேர்த்துப் பிடிப்பது பேண்டேஜ். கட்டாத விறகைத் தலையில் ஏற்றினால் ஒவ்வொன்றாகச் சரியும், கட்டிவிட்டால் ஒரே கட்டையாக நிற்கும்; கைக்குள் நடப்பதும் அதேதான். ஆனால் பணம் செலவழிக்கும்போது எல்லாரும் இதைத்தான் கடைசியில் வைக்கிறார்கள். கிளவுஸுக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டு, பேண்டேஜுக்கு ஐம்பது ரூபாய் குறைக்கச் சொல்லிப் பேரம்.

காசிமேட்டில் மீன் விற்கும் ஒரு அம்மா, மகளைச் சேர்க்க வந்தபோது கேட்டது இன்னும் நினைவிருக்கிறது. "இன்னா மாஸ்டர், கிளவுஸு போட்டா உள்ள மறையப்போற துணி. இதுக்கா இவ்ளோ காசு? வூட்ல அவங்க அப்பா வேட்டி கீது, கிழிச்சுத் தர்றேனே?"

"கிழிக்கலாம்மா, தப்பே இல்ல. எங்க வாத்தியார் எங்களுக்கு அதைத்தான் கட்டுனாரு. ஆனா ஓரம் பிரியும், நாலு நாள்ல நூல் நூலா வரும். டைலர் கிட்ட குடுத்து ஓரம் அடிச்சு எடுத்தாங்க."

அந்த அம்மா அப்படியே செய்தார். நல்ல கனமான பருத்தி வேட்டி. இரண்டு அங்குல அகலத்துக்குக் கிழித்து, தெருமுனை டைலரிடம் ஓரம் அடித்து, ஒரு முனையில் கட்டைவிரலுக்கு வளையமும் மறுமுனையில் வெல்க்ரோவும் வைத்துக்கொண்டு வந்தார். கடைப் பேண்டேஜில் பாதிக்கு மேல் அந்த நேர்த்தி இருக்காது. டைலர் பிறகு கேட்டவர்களுக்கெல்லாம் தைத்துக் கொடுத்தார் என்பது தனிக் கதை.

கடையில் வாங்குவதானால் இரண்டு வகை கிடைக்கும். ஒன்று முழுப் பருத்தி, இழுத்தால் நீளாது. மற்றது லேசாக ரப்பர் நூல் கலந்தது, இழுத்தால் கொஞ்சம் கொடுக்கும். இரண்டாவது கையோடு ஒட்டி நிற்கும், சுற்றுவது சுலபம், ஆனால் புதுசாகக் கற்றுக்கொள்கிறவன் அதை இழுத்து இழுத்துச் சுற்றி ரத்த ஓட்டத்தை நிறுத்திவிடுவான். ஆரம்பத்தில் பருத்தியே போதும் என்பது என் கட்சி. மருந்துக் கடையில் கிடைக்கும் கிரேப் பேண்டேஜை வாங்கிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. அது வீக்கத்தை அமுக்க உதவும், குத்துவதற்கு ஆகாது. அந்த அளவுக்கு நீளும் துணியால் மணிக்கட்டை எப்படி நிறுத்தி வைக்க முடியும்?

நீளத்தில் கஞ்சத்தனம் கூடாது. அமெச்சூர் போட்டி விதிகளில் நெடுங்காலம் இருந்த அளவு 2.5 மீட்டருக்குக் குறையாமல், 4.5 மீட்டருக்கு மிகாமல், அகலம் 5.7 சென்டிமீட்டர். கடையில் 120 அங்குலம், 180 அங்குலம் என்று விற்பார்கள், அதாவது 3 மீட்டர், நாலரை மீட்டர். பத்து வயதுப் பிள்ளைக்கு 120 சரி. வளர்ந்த ஆளுக்கு 180-க்குக் குறைந்தால் மணிக்கட்டுக்கு வரும்போது துணி தீர்ந்துவிடும். முட்டியை அலங்காரமாகச் சுற்றிவிட்டு மணிக்கட்டுக்கு ஒரு சுற்றோடு முடிப்பதைத்தான் நான் அதிகம் பிரித்துப்போட்டுத் திரும்பக் கட்ட வைத்திருக்கிறேன்.

சுற்றுவதற்கு ஆளுக்கு ஆள் ஒரு முறை. நான் சொல்லிக்கொடுப்பது இது. விரல்களை நன்றாக விரித்துக்கொள்ள வேண்டும். இது முக்கியம், விரலைச் சேர்த்து வைத்துக்கொண்டு சுற்றினால், முஷ்டி பிடிக்கும்போது கை அகலமாகிறதா, துணி அறுக்க ஆரம்பிக்கும். வளையத்தைக் கட்டைவிரலில் மாட்டியதும் துணி புறங்கைப் பக்கமாகப் போக வேண்டும், உள்ளங்கைப் பக்கமாகப் போனால் முஷ்டியை மடக்கும்போது தளர்ந்துவிடும். மணிக்கட்டில் மூன்று சுற்று, முழங்கைப் பக்கம் கொஞ்சம் ஏறினாற்போல. அங்கிருந்து முட்டிகளின் மேல் மூன்று சுற்று. பிறகு விரல் இடுக்குகள் வழியாக ஒவ்வொன்றாகப் போய் வந்து மணிக்கட்டில் பெருக்கல் குறி விழ வேண்டும். கட்டைவிரலுக்கு ஒரு சுற்று, அதை விட்டுவிட்டால் ஹூக் அடிக்கும்போது அதுதான் முதலில் மாட்டும். மிச்சம் இருக்கும் துணி முழுக்க மணிக்கட்டுக்கே. கடைசியில் முஷ்டி பிடித்துப் பார்க்க வேண்டும். கை தளர்ந்திருக்கும்போது சும்மா ஒட்டியிருப்பதாகத் தெரிய வேண்டும், முஷ்டி பிடித்தால் இறுக வேண்டும். விரல் நுனி மரத்தாலோ நிறம் மாறினாலோ அவிழ்த்துத் திரும்ப முதலில் இருந்து.

முட்டிக்கு மேல் சில பேர் தனியாக ஒரு மெத்தை வைப்பார்கள். துணியை முட்டி அகலத்துக்கு முன்னும் பின்னும் மடித்து அடுக்கி, அதன்மேல் சுற்றுவது. முட்டித் தோல் உரிகிறவர்களுக்கு, சவ்வு வலி உள்ளவர்களுக்கு நல்லது. மெத்தை என்ற பேரில் வேறு எதையாவது உள்ளே வைத்தால் கதை வேறு. 2009 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸில் ஷேன் மோஸ்லியோடு மோதப் போன அன்டோனியோ மார்கரிட்டோவின் கைக்கட்டை, மோஸ்லியின் பயிற்சியாளர் நாசிம் ரிச்சர்ட்சன் தொட்டுப் பார்த்துச் சந்தேகப்பட்டு அவிழ்க்கச் சொன்னார். உள்ளே கெட்டிப்பட்ட பட்டைகள். மார்கரிட்டோவின் லைசென்ஸை கலிபோர்னியா ரத்து செய்தது. எதிராளியின் தரப்பு ஆள் நின்று பார்க்க, அதிகாரி கையெழுத்துப் போட்டு, பிறகுதான் கிளவுஸ் மாட்டுவது என்ற வழக்கம் ஏன் இருக்கிறது என்று பையன்கள் கேட்டால் இந்தக் கதையைச் சொல்வேன். கையைக் காப்பாற்றும் துணி எத்தனை சுலபமாக ஆயுதமாகிறது, பாருங்கள்.

பேண்டேஜுக்குப் பதிலாக, உள்ளே ஜெல் வைத்துத் தைத்த உறை போன்ற ஒன்று இப்போது வந்திருக்கிறது. மாட்டி ஒரு பட்டி இழுத்தால் முடிந்தது. அவசரத்துக்கு, காலை ஆபீஸ் போகும் முன் அரை மணி நேரம் குத்திவிட்டுப் போகிறவர்களுக்கு, சரி. முட்டிக்கு மெத்தை உண்டு. மணிக்கட்டுக்குப் பெரும்பாலும் ஒன்றும் இல்லை. என் பிள்ளைகளுக்கு அனுமதிப்பதில்லை.

இப்போது கிளவுஸ். அவுன்ஸ் விஷயத்தில் நிறையக் குழப்பம். 10, 12, 14, 16 என்று எழுதியிருப்பது ஒரு கிளவுஸின் எடை. 12 அவுன்ஸ் என்றால் 340 கிராம், 16 என்றால் 454. கை அளவு அல்ல. போட்டியில் லேசான எடைக்காரர்களுக்கு 10, கனத்தவர்களுக்கு 12 என்று கொடுப்பார்கள். பயிற்சிக்கு அதைவிடக் கனம் வேண்டும். பெரியவர்கள் ஸ்பாரிங் (பயிற்சிச் சண்டை) செய்ய 16 என்பது பொது வழக்கு, அது எதிரில் நிற்பவனின் முகத்துக்காக. பேக்குக்கு 12 அல்லது 14. மலிவு கிளவுஸில் எழுதியிருக்கும் எண்ணை நம்ப வேண்டாம், மளிகைக் கடைத் தராசில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். எடை சரியாக இருந்தாலும் அது எங்கே இருக்கிறது என்ற கேள்வி மிச்சம். உள்ளங்கையில் கனத்த துணியும் தடித்த ரெக்சினும் வைத்து எடையைச் சரிக்கட்டி, முட்டியில் பஞ்சைக் குறைத்திருப்பார்கள்.

பஞ்சு என்று பேச்சுக்குச் சொன்னாலும் உள்ளே இருப்பது ஃபோம். அடுக்கடுக்காக வெட்டி ஒட்டியது ஒரு வகை, அச்சில் ஊற்றி ஒரே துண்டாக வார்த்தது இன்னொரு வகை. வார்த்தது மலிவு, முதல் நாளிலிருந்து கொஞ்சம் விறைப்பு. அடுக்கு ஃபோம் கையோடு பழகும், நல்ல தரமாக இருந்தால் நாள்பட உழைக்கும். குதிரைமுடி அடைத்த கிளவுஸ் மெக்சிகோக்காரர்களின் பெருமை. குத்து எதிராளிக்கு நன்றாகப் போய்ச் சேரும், குத்துகிறவன் முட்டிக்கும் அதே அளவு வந்து சேரும். பயிற்சிக்கு அது வேண்டாத விஷப்பரீட்சை. நம் கடைகளில் கிடைப்பவை மீரட்டிலோ ஜலந்தரிலோ தைத்து வருபவை. அங்கே நல்லதும் தைக்கிறார்கள், சந்தைக்குத் தக்கபடி மட்டமானதும் தைக்கிறார்கள். ஆகவே பேரைப் பார்த்து வாங்குவதைவிட மாட்டிப் பார்த்து வாங்குவது மேல்.

மாட்டிப் பார்ப்பதற்கும் முறை உண்டு. கையில் பேண்டேஜ் சுற்றிக்கொண்டுதான் மாட்ட வேண்டும். வெறும் கையில் கச்சிதமாக இருப்பது பேண்டேஜோடு நுழையாது. பட்டியை இறுக்கிக்கொண்டு முஷ்டி பிடியுங்கள். சிரமப்படாமல் முஷ்டி முழுதாக மூட வேண்டும். மூடாமல் உள்ளே ஃபோம் எதிர்த்துக்கொண்டிருந்தால், மூன்றாவது ரவுண்டில் களைத்த கை தானாகவே திறந்துகொள்ளும். அப்புறம் கடைச் சுவரில் முஷ்டியை நேராக வைத்து, உடம்பு எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாயுங்கள். முன்கையும் முட்டியும் ஒரே நேர்கோட்டில் நிற்கிறதா? அடுத்து, இன்னொரு கையால் முஷ்டியைப் பிடித்துக் கீழ்நோக்கி மடக்கப் பாருங்கள். சுலபமாக மடங்கினால் கீழே வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். முட்டி எத்தனை மெத்தென்று இருந்தாலும் சரி.

மடங்காமல் இருப்பதற்கு மூன்று விஷயம் வேண்டும். மணிக்கட்டுப் பகுதி நீளமாக இருக்க வேண்டும், மணிக்கட்டு எலும்பைத் தாண்டி முன்கையில் நாலு விரற்கடையாவது ஏற வேண்டும். அந்தப் பகுதிக்குள்ளும் ஃபோம் இருக்க வேண்டும், வெறும் ரெக்சினாகத் தொளதொளவென்று இருக்கக் கூடாது. பட்டி அகலமாக, இழுத்தால் நீளாததாக இருக்க வேண்டும். மலிவு கிளவுஸில் பட்டிக்கு எலாஸ்டிக் வைத்துத் தைத்திருப்பார்கள். மாட்டும்போது சுகமாக இருக்கும், இறுகிய மாதிரியே தோன்றும். குத்து கோணலாக விழும் நேரத்தில் அதுவும் கூடவே நீளும். கயிறு கட்டும் கிளவுஸ்தான் மணிக்கட்டுக்கு எல்லாவற்றையும்விட நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதைக் கட்டிவிட இன்னொரு ஆள் வேண்டும். முப்பது பிள்ளைகள், ஒரு மாஸ்டர் என்ற இடத்தில் நடக்காது. வெல்க்ரோதான் கதி. அந்த வெல்க்ரோவில் நூலும் முடியும் அப்பிக்கொண்டால் பிடி போய்விடும், பழைய டூத் பிரஷ்ஷால் வாரிவிட்டால் திரும்ப ஒட்டும்.

பெண் பிள்ளைகளுக்கும் சிறுவர்களுக்கும் இன்னொரு தொல்லை. ஆண் கைக்கு வெட்டிய கிளவுஸில் அவர்கள் கை உள்ளே மிதக்கும். முட்டி வர வேண்டிய இடத்தில் விரல் கணு வந்து நிற்கும். ஒவ்வொரு குத்துக்கும் கை உள்ளே வழுக்கி மணிக்கட்டு திரும்பும். "வளர்ற பிள்ளை, கொஞ்சம் பெருசாவே வாங்கிக்கலாம்" என்று பள்ளிக்கூடச் சட்டை வாங்குகிற மாதிரி இங்கே வாங்கக் கூடாது என்று பெற்றோரிடம் வாதாடியே எனக்குத் தொண்டை போயிருக்கிறது. காசு இல்லையென்றால் கிளவுஸே வேண்டாம், பொதுக் கிளவுஸில் சின்னதாக ஒன்றைத் தேடித் தருகிறேன், பேண்டேஜ் மட்டும் சொந்தமாக வாங்குங்கள் என்பேன். கட்டைவிரல் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்காமல் ஒரு பட்டையால் கிளவுஸோடு சேர்த்துத் தைத்திருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். பழைய கிளவுஸ்களில் அது இருக்காது. கட்டைவிரல் எதிராளியின் தோளில் மாட்டித் திரும்பும், அவன் கண்ணிலும் போய் நுழையும்.

கைப் பாதுகாப்பு எல்லாம் பேசிவிட்டு எதைக் குத்துகிறோம் என்பதைப் பேசாமல் விடக் கூடாது. எங்கள் பக்கத்தில் பழைய பழக்கம் மணல் மூட்டை. சாக்கில் கடற்கரை மணலை நிரப்பித் தொங்கவிடுவது. தொங்கத் தொங்க மணல் கீழே இறங்கிக்கொண்டே போகும். மேல்பக்கம் தொளதொளவென்றும் அடிப்பக்கம் கருங்கல்லாகவும் ஆகிவிடும். மழைக்காலத்தில் ஈரம் கோத்துக்கொண்டால் இன்னும் மோசம். உடம்பில் குத்தும் பயிற்சிக்காகக் குனிந்து அடிக்கிறவன் நேராக அந்தக் கல்லைக் குத்துகிறான். எத்தனை நல்ல கிளவுஸும் இதற்கு ஈடுகொடுக்காது. இப்போது நாங்கள் பனியன் வேஸ்ட்தான் நிரப்புகிறோம். மெக்கானிக் கடைக்காரர்கள் கை துடைக்க வாங்குவார்களே, அதே திருப்பூர்ச் சரக்கு, மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். அதில் ஜிப்பும் பட்டனும் கிடக்கும், உட்கார்ந்து பொறுக்கி எடுக்க வேண்டும். கைப்பிடி கைப்பிடியாகப் போட்டு, உலக்கையால் இடித்து, அடுக்கடுக்காக இறுக்க வேண்டும். துணியும் இறங்கத்தான் செய்யும். இரண்டு மூன்று மாசத்துக்கு ஒருமுறை பேக்கை இறக்கித் தலைகீழாகத் திருப்பித் திரும்ப இடிப்போம். பையன்களுக்கு இந்த வேலை வேப்பங்காய். பேக் குத்துகிறவனின் எடையில் பாதி கனம் இருந்தால் போதும் என்பது ஒரு குத்துமதிப்புக் கணக்கு.

ஒரே ஜோடி கிளவுஸில் பேக்கும் குத்தி ஸ்பாரிங்கும் செய்வதை நான் விடுவதில்லை. பேக்கில் அடித்து அடித்து ஃபோம் தட்டையாகிவிட்ட கிளவுஸ் பார்ப்பதற்கு நன்றாகவே இருக்கும். அதோடு ரிங்குக்குள் போனால் அடி வாங்குகிறவனுக்குத்தான் தெரியும் அது எப்படிப்பட்டது என்று. முட்டிப் பகுதியை இரண்டு விரலால் நன்றாக அமுக்கிவிட்டு விடுங்கள். குழி உடனே எழும்பாமல் அப்படியே நின்றால் அந்தக் கிளவுஸின் காலம் முடிந்தது. கடையில் எல்லாரும் அமுக்கிப் பார்ப்பதற்கு இந்த ஒரு இடத்தில் பயன் உண்டு, வாங்கும்போது அல்ல, தூக்கிப்போடும்போது.

சென்னைப் புழுக்கத்தில் கிளவுஸை மாசக்கணக்கில் காப்பாற்றுவதே ஒரு வேலை. பயிற்சி முடிந்ததும் வேர்வையோடு பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடிவிட்டுப் போகிற பையனின் கிளவுஸில் மூன்றாம் நாள் வரும் நாற்றத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. உள்ளே பூஞ்சை பூத்துத் தோல் அரிப்பு வந்தவர்கள் உண்டு. தினத்தந்தியைக் கசக்கி உள்ளே திணித்து, வாயை விரித்து, ஃபேன் காற்றில் வைத்தால் போதும். வெயிலில் காயப்போட்டால் தோல் வெடிக்கும், ரெக்சின் உரியும். தோலா ரெக்சினா என்று கேட்பவர்களுக்கு, தினமும் வருகிறவனாக இருந்தால் தோல், இல்லையென்றால் ரெக்சினே போதும் என்பேன். பேண்டேஜை மட்டும் ஒவ்வொரு நாளும் துவைத்தே ஆக வேண்டும். இரண்டு ஜோடி இருந்தால் ஒன்று கொடியில், ஒன்று கையில். காய்ந்ததும் வெல்க்ரோ முனையிலிருந்து உருட்டிச் சுற்றிவைத்தால் மறுநாள் வளையம் வெளியே இருக்கும், சுற்ற ஆரம்பிப்பது சுலபம்.

இத்தனையும் செய்த பிறகும் கை வலிக்கும். எந்த வலியோடு குத்தலாம், எதோடு கூடாது என்பதில் நான் கறார். முட்டித் தோல் உரிந்த எரிச்சல், புறங்கைத் தசை வலி, இவை இரண்டு நாளில் போகும். கட்டைவிரலை நிமிர்த்தினால் அதன் அடியில் மணிக்கட்டோரம் ஒரு சின்னக் குழி விழும். அந்தக் குழியை அமுக்கினால் சுரீரென்று வலித்தால் அன்றே டாக்டரிடம் போக வேண்டும். அங்கே இருக்கும் ஸ்கேபாய்டு என்ற சின்ன எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைவு, கூடுவதற்கு நாள் பிடிக்கும். அதில் விழுந்த கீறல் முதல் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம், பத்துப் பதினைந்து நாள் கழித்துத் திரும்ப எடுத்தால்தான் பிடிபடும். "எக்ஸ்ரேல ஒண்ணும் இல்லன்னு சொல்ட்டாங்க மாஸ்டர்" என்று மறுநாளே பேண்டேஜை இறுக்கிக் கட்டிக்கொண்டு வருகிறவனை நான் பேக்கின் பக்கமே விடுவதில்லை. எண்ணெய் போட்டு உருவி மூங்கில் பத்தை வைத்துக் கட்டிக்கொண்டு வருகிறவனையும்தான். படம் எடுத்துக்கொண்டு வா, அப்புறம் பேசலாம்.

போன வருஷம் ஒருவனுக்கு அங்கேதான் கீறல். வலது கையில் மாவுக்கட்டு, முழங்கைக்குக் கீழே முழுசாக. மாநிலப் போட்டி கைநழுவிப்போன கடுப்பில் இருந்தான். அதோடு வீட்டில் உட்கார முடியாமல் நாலாம் நாளே வந்து நின்றான்.

"நான் இன்னா மாஸ்டர் பண்றது, சும்மா பாத்துனு இருக்கவா?"

"ஏன், இடது கை இன்னா தப்பு பண்ணுச்சு? அதுக்கு பேண்டேஜ் போட்டுனு வா."

"ஒத்தக் கையால எப்டி மாஸ்டர் சுத்திக்கிறது?"

காசிமேட்டு அம்மாவின் மகள் பக்கத்தில்தான் ஸ்கிப்பிங் போட்டுக்கொண்டிருந்தாள். கயிற்றை வைத்துவிட்டு வந்து, விரலை விரிடா என்று அதட்டிவிட்டுச் சுற்ற ஆரம்பித்தாள். மணிக்கட்டில் மூன்று சுற்று. அன்று அவன் ஜாப் மட்டும் அடித்தான், கால் வேலை மட்டும் செய்தான். கட்டு பிரிக்கும் வரை அதையேதான் செய்ய வைத்தேன். கட்டு பிரித்தபோது வலது கை சூம்பிப்போயிருந்தது. இடது ஜாப் முன்னைவிட எவ்வளவோ தேறியிருந்தது.